டீச்சரிடம் சொல்லத் தெரிந்த பிள்ளை

முதலாம் ஆண்டில் சேரவிருக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்காக, சிம்பாங் அம்பாட்டில் ஆற்றிய உரை



நான் மருத்துவரோ தாதியோ ஆசிரியரோ அல்ல. பல்கலைக்கழகத்தில் மொழிகள் படித்தவள். மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன். சுகாதாரக் கையேடுகளை மலாயிலிருந்து தமிழுக்குக் கொண்டுவருவது என் வேலைகளில் ஒன்று. "முதலாம் ஆண்டுக்குப் பிள்ளையைத் தயார்செய்வது பற்றி நீங்களே பேசுங்களேன்" என்று கேட்டபோது முதலில் தயங்கினேன். பிறகு என் அம்மா கேட்ட ஒரு கேள்வி நினைவுக்கு வந்தது.

சில ஆண்டுகளுக்கு முன், பள்ளி தொடங்கும் பிள்ளைகளைப் பற்றிய ஒரு கட்டுரையை மொழிபெயர்த்தேன். அதில் வந்த ஒரு மலாய்ச் சொற்றொடரை "உணர்வுசார் ஆயத்தநிலை" என்று எழுதினேன். இலக்கணப்படி தவறில்லை. வீட்டில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா கேட்டார்: "அப்படின்னா என்னம்மா? பிள்ளைக்கு நான் என்ன செய்யணும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இன்று உங்கள் முன்னால் அந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்ல முயல்கிறேன். என் பதில் இதுதான்: தனக்கு என்ன வேண்டும், எங்கே வலிக்கிறது, எதைக் கண்டு பயமாக இருக்கிறது என்பதை வீட்டில் இல்லாத ஒரு பெரியவரிடம் சொல்லத் தெரிந்த பிள்ளை பள்ளிக்கு ஆயத்தமான பிள்ளை. எழுத்தும் எண்ணும் ஆசிரியர் கற்றுத் தருவார். இந்தச் சில வாக்கியங்களை மட்டும் நாம் வீட்டிலேயே கொடுத்து அனுப்ப வேண்டும்.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் அவை இல்லாமல் பள்ளிக்குப் போனவள்.

ஒரு சொல் தெரியாததால்

1997-ஆம் ஆண்டு. நாங்கள் தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிவந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அப்பா எனக்குப் புதுப் புத்தகப்பை வாங்கித் தந்தார். அம்மா தலைவாரிப் பூ வைத்துவிட்டார். கோயிலுக்குப் போய்விட்டுப் பள்ளிக்குப் போனோம். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

ஆசிரியை அன்பானவர். வகுப்பு தொடங்கியதும், "கழிப்பறைக்குச் செல்ல வேண்டியவர்கள் கையை உயர்த்துங்கள்" என்றார். எங்கள் வீட்டில் "கக்கூசு" என்போம். "ஒன்னுக்கு வருது" என்போம். "கழிப்பறை" என்ற சொல்லை நான் அதுவரை கேட்டதே இல்லை. அது ஏதோ ஒரு பாடம் என்று நினைத்துச் சும்மா உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் நாற்காலியிலேயே எல்லாம் நடந்துவிட்டது. பின்வரிசைப் பையன் சிரித்தான்.

அன்றிலிருந்து நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். காலையில் தண்ணீர் குடிக்க மாட்டேன். பள்ளியிலும் குடிக்க மாட்டேன். மதியம் வீட்டுக்கு வரும்வரை அடக்கிக்கொள்வேன். யாரிடமும் சொல்லவில்லை. சில மாதங்களில் காய்ச்சல் வந்தது. சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் வந்தது. அரசாங்க கிளினிக்கில் சிறுநீர்ப் பாதையில் கிருமித்தொற்று என்றார்கள். அங்கிருந்த தாதி ஒருவர்தான், "ஸ்கூல்ல தண்டாசுக்குப் போவியாம்மா?" என்று கேட்டார். நான் அழுதுவிட்டேன். அப்போதுதான் அம்மாவுக்கு விஷயம் தெரிந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம், "பூ வைக்கத் தெரிஞ்சுச்சு, இதச் சொல்லிக் கொடுக்கத் தெரியலையே" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

யாரையும் குறை சொல்ல நான் இதைச் சொல்லவில்லை. ஆசிரியை தமிழில்தான் கேட்டார். நானும் தமிழ்ப் பிள்ளைதான். ஆனாலும் இடையில் ஒரு சொல் குறைந்தது.

சிறுநீரை அடக்குவது சின்ன விஷயம் இல்லை. தண்ணீர் குடிக்காமல், அடக்கிக்கொண்டே இருக்கும் பிள்ளைக்குச் சிறுநீர்ப் பாதைத் தொற்று வர வாய்ப்புண்டு. மலத்தையும் அடக்கினால் மலச்சிக்கல் வரும். குடலில் தேங்கிய மலம் சிறுநீர்ப்பையை அழுத்த, பிள்ளை அறியாமலே உடையை நனைத்துவிடும். பெற்றோர் "இவ்வளவு பெரிய பிள்ளை" என்று திட்டுவார்கள். பிள்ளை இன்னும் அடக்கும்.

நாற்சந்தியில் நிற்கும் பிள்ளை

நம் ஊர்ப் பெயரைத் தமிழாக்கினால் "நாற்சந்தி". முதலாம் ஆண்டில் காலெடுத்து வைக்கும் நம் பிள்ளையும் அப்படி ஒரு சந்தியில்தான் நிற்கிறது. ஒரு பக்கம் வீட்டுத் தமிழ், இன்னொரு பக்கம் பள்ளித் தமிழ், மற்ற இரு பக்கங்களில் மலாயும் ஆங்கிலமும்.

1816-இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கியதை வைத்து, 2016-இல் இந்நாட்டுத் தமிழ்க் கல்வியின் 200 ஆண்டு நிறைவைக் கொண்டாடினோம். அத்தனை தலைமுறைப் பிள்ளைகளும் வீட்டிலிருந்து பள்ளிக்கு இந்தச் சந்தியைக் கடந்துதான் போயிருக்கிறார்கள். ஆனால் தோட்டக் காலத்தில் ஒரு வசதி இருந்தது. பள்ளி தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. அண்ணனும் அக்காவும் அங்கேதான் படித்தார்கள். ஆசிரியர் மாலையில் கடைக்கு வருவார். பிள்ளைக்கு அவர் முகம் முன்பே தெரியும்.

இன்று நம் வட்டாரத்தில் பல தோட்டங்கள் இருந்த இடத்தில் தாமான்களும் தொழிற்சாலைகளும் வந்துவிட்டன. 2014-இல் பினாங்கின் இரண்டாவது பாலம் பத்து காவானில் வந்து இறங்கிய பிறகு இந்த மாற்றம் இன்னும் வேகமானது. அப்பா இரவு ஷிப்ட்டில் இருப்பார், அம்மா காலை ஷிப்ட்டில் இருப்பார். பிள்ளை வேனில் ஏறி, முன்பின் பார்த்திராத ஒரு கட்டடத்துக்குப் போகிறது. ஆகவே தோட்டத்தில் தானாக நடந்த அறிமுகத்தை இன்று நாம் முயன்று செய்து வைக்க வேண்டியிருக்கிறது.

அதற்கு நேரம் இருக்கிறது. கோவிட் காலத்தில் மார்ச்சுக்குத் தள்ளிப்போன பள்ளித் தொடக்கம் 2026-இல் மீண்டும் ஜனவரிக்குத் திரும்பிவிட்டது. ஆண்டிறுதி விடுமுறையை ஒத்திகைக் காலமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும்.

ஐந்து வாக்கியங்கள்

பிள்ளைக்கு இந்த ஐந்தையும் சொல்லிக் கொடுங்கள். மனப்பாடமாக வேண்டாம், விளையாட்டாகச் சொல்லிக் கொடுங்கள். நீங்கள் டீச்சராக உட்காருங்கள், பிள்ளை வந்து சொல்லட்டும்.

"டீச்சர், நான் கழிப்பறைக்குப் போகணும்."

"டீச்சர், எனக்கு வயிறு வலிக்குது." வயிற்றுக்குப் பதில் தலை, காது, பல் என்று மாற்றி மாற்றிச் சொல்லிப் பழகட்டும்.

"டீச்சர், எனக்குப் புரியல. இன்னொரு தடவை சொல்லுங்க."

"டீச்சர், இதைத் திறக்க முடியல. உதவி செய்யுங்க."

"டீச்சர், அவன் என்னை அடிச்சான். எனக்குப் பிடிக்கல."

கடைசி வாக்கியத்தைக் கோள் சொல்வது என்று நினைத்துப் பல பெற்றோர் கற்றுத் தருவதில்லை. "நீயும் திருப்பி அடி" என்றோ "பேசாம இரு" என்றோ சொல்லிவிடுகிறோம். தனக்கு ஒருவர் தீங்கு செய்தால் பெரியவரிடம் சொல்லலாம், சொன்னால் திட்டு விழாது என்பது பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். உடலில் தொடக் கூடாத இடத்தை யாராவது தொட்டாலும் இதே துணிவுதான் பிள்ளைக்குக் கைகொடுக்கும்.

சில வீடுகளில் பிள்ளை தேசியப் பள்ளிக்குப் போகும். தமிழ்ப்பள்ளியிலும் மலாய் பேசுபவர்கள் இருப்பார்கள். எனவே மலாயிலும் நான்கைந்து வாக்கியங்கள் காதில் விழுந்திருந்தால் நல்லது. "சிக்கு, சாயா நாக் பெர்கி தண்டாஸ்" என்றால் கழிப்பறைக்குப் போக வேண்டும். "பெருட் சாயா சாகிட்" என்றால் வயிறு வலிக்கிறது. "சாயா தக் ஃபாஹாம்" என்றால் புரியவில்லை. "தோலோங் சாயா" என்றால் உதவி செய்யுங்கள்.

மலாய் என்றதும் பிள்ளை மிரண்டால், அதில் நம் சொற்களும் இருக்கின்றன என்று காட்டுங்கள். நம் கடைதான் அங்கே "கெடாய்". நம் கப்பல் அங்கே "காப்பால்". கட்டில் "காத்தில்" ஆகிவிட்டது. பெட்டி "பெத்தி" ஆகிவிட்டது. என் மகளுக்கு இதைச் சொன்னபோது, வீடு முழுக்கப் போய் ஒவ்வொரு பொருளையும் காட்டி "இதுவும் நம்மளோடதா?" என்று கேட்டாள். பயம் போய்விட்டது.

வீட்டுத் தமிழும் பள்ளித் தமிழும்

என் கதையில் குறைந்தது பள்ளித் தமிழ்தான். நாம் வீட்டில் பேசும் தமிழுக்கும் ஆசிரியர் வகுப்பில் பேசும் தமிழுக்கும் தூரம் உண்டு. நாம் "லைன்ல நில்லு" என்போம். ஆசிரியர் "வரிசையில் நில்லுங்கள்" என்பார். நாம் "சத்தம் போடாத" என்போம். அவர் "அமைதியாக இருங்கள்" என்பார். நம் "பேக்" அவருக்குப் புத்தகப்பை. "ரப்பர்" அழிப்பான். "கேண்டீன்" சிற்றுண்டிச்சாலை. "ரேஹாட்" ஓய்வு நேரம். "கக்கூசு" கழிப்பறை.

இதற்காக வீட்டுத் தமிழை மாற்ற வேண்டாம். பிள்ளை அழும்போது ஆறுதல் சொல்ல வீட்டுத் தமிழைவிட நல்ல மொழி இல்லை. பள்ளியின் சொற்களையும் சேர்த்துக் காதில் போடுங்கள், அவ்வளவுதான். வீட்டில் ஆங்கிலமே அதிகம் பேசும் பிள்ளையானால் இது இன்னும் அவசியம். தாத்தா பாட்டியிடம் ஒரு வேலையாகக் கொடுங்கள்: தினமும் மாலையில் அரை மணி நேரம் பள்ளிக்கூட விளையாட்டு. பாட்டி ஆசிரியர், பேரப்பிள்ளை மாணவர். அடுத்த நாள் பேரப்பிள்ளை ஆசிரியர், பாட்டி மாணவர். பாட்டி வேண்டுமென்றே தவறு செய்யட்டும். பிள்ளை திருத்தும்போது அந்தச் சொல் பதிந்துவிடும்.

கையும் பழக வேண்டும்

சொல் தெரிந்தால் மட்டும் போதாது. கழிப்பறை எது என்று தெரிந்தும், அங்கே போய் என்ன செய்வது என்று தெரியாத பிள்ளைகள் உண்டு. வீட்டில் உட்காரும் கழிப்பறை இருக்கும். பள்ளியில் குந்தும் கழிப்பறை இருக்கலாம். கழுவிக்கொள்வது, கால்சட்டைப் பொத்தானைத் திறந்து போடுவது, தண்ணீர் ஊற்றுவது, கை கழுவுவது எல்லாவற்றையும் பிள்ளை தனியாகச் செய்து பழக வேண்டும். சீருடையின் பொத்தானோ இடுப்புப் பட்டியோ இறுக்கமாக இருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள்.

சாப்பாட்டு டப்பாவையும் தண்ணீர்ப் போத்தலையும் பிள்ளை தானே திறந்து மூடட்டும். கடையில் அழகாக இருக்கிறது என்று வாங்கிய போத்தலின் மூடி பிள்ளையின் கைக்கு இறுக்கமாக இருக்கும். ஓய்வு நேரம் குறைவு. அந்த நேரத்தில் டப்பாவோடு போராடும் பிள்ளை பசியோடு வகுப்புக்குத் திரும்பும். வீட்டில் ஒரு நாள் கடிகாரத்தைப் பார்த்து, இருபது நிமிடத்தில் சாப்பிட்டு முடிக்கிறதா என்று பாருங்கள். ஊட்டிவிடும் பழக்கம் இருந்தால் விடுமுறையில் மெல்லக் குறையுங்கள்.

காசு கொடுத்து அனுப்புவதானால், ஒரு ரிங்கிட்டையும் ஐம்பது சென்னையும் அடையாளம் காணத் தெரிய வேண்டும். ஒரு நாள் அருகிலுள்ள கடைக்குக் கூட்டிப்போய், பிள்ளையே கேட்டு, பிள்ளையே காசு கொடுத்து, மீதியை வாங்கட்டும். நீங்கள் இரண்டடி தள்ளி நில்லுங்கள்.

பள்ளியில் அறிமுக நாள் வைத்தால் தவறாமல் அழைத்துப் போங்கள். அன்று வகுப்பறையை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். கழிப்பறை, சிற்றுண்டிச்சாலை, வேன் நிற்கும் இடம் மூன்றையும் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து பாருங்கள். பிள்ளை பிறந்த மாதத்தையும் மனத்தில் வையுங்கள். ஒரே வகுப்பில் ஜனவரியில் பிறந்த பிள்ளையும் டிசம்பரில் பிறந்த பிள்ளையும் இருப்பார்கள். இருவருக்கும் இடையே ஏறக்குறைய ஒரு வயது வித்தியாசம். ஏழு வயதில் அது பெரிய வித்தியாசம். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள்.

உறக்கமும் காலை உணவும்

ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைக்கு ஒரு நாளில் 9 முதல் 12 மணி நேர உறக்கம் தேவை. காலை ஐந்தே முக்காலுக்கு எழ வேண்டிய பிள்ளை இரவு எட்டரைக்குள் உறங்கியாக வேண்டும். இரவு நாடகம் முடிந்து பத்து மணிக்குப் படுத்த பிள்ளை காலையில் அழுதால், அது பள்ளியைப் பிடிக்காமல் அழுவதல்ல. தூக்கம் போதாமல் அழுகிறது. பள்ளி தொடங்குவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பிருந்தே உறங்கும் நேரத்தை நாளுக்குக் கால் மணி நேரமாக முன்னே கொண்டு வாருங்கள். படுப்பதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன் கைப்பேசியை வாங்கி வைத்துவிடுங்கள். உங்களுடையதையும் சேர்த்து வைத்தால் பிள்ளை எதிர்த்துப் பேசாது.

காலையில் சிறிதளவாவது சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, கழிப்பறைக்குப் போய்விட்டு வர நேரம் வையுங்கள். அவசரத்தில் முதலில் விடுபடுவது கழிப்பறைதான்.

வாசலில் பிரியும் நேரம்

முதல் நாள் பல தமிழ்ப்பள்ளிகளில் மாலை போட்டு, இனிப்பு கொடுத்துப் பிள்ளைகளை வரவேற்கிறார்கள். நமக்கு அது மகிழ்ச்சி. சில பிள்ளைகளுக்கு அந்தக் கூட்டமும் ஒலிபெருக்கியும் மிரட்சி. "எல்லாரும் சிரிக்கிறாங்க, நீ மட்டும் ஏன் அழற?" என்று கேட்காதீர்கள். "சத்தம் அதிகமா இருக்குல்ல? எனக்கும் அப்படித்தான் இருக்கு. என் கையப் புடிச்சுக்கோ" என்று சொல்லிப் பாருங்கள்.

பிரியும்போது சொல்லாமல் நழுவாதீர்கள். பிள்ளை திரும்பிப் பார்க்கும்போது நீங்கள் இல்லையென்றால், நாளை உங்கள் சட்டையைப் பிடித்த கையை விடாது. ஒரே வாக்கியம், ஒரே அணைப்பு, பிறகு கிளம்புங்கள். "சாப்பிட்டு, பாட்டுப் பாடி, மணி அடிச்சதும் பாட்டி வாசல்ல நிப்பாங்க." யார் வருவார் என்று சொன்னீர்களோ அவரே வர வேண்டும். ஷிப்ட் மாறி ஆள் மாறுவதானால் அன்று காலையிலேயே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்.

"அழுதா போலீஸ் புடிச்சிக்கும்", "டீச்சர்கிட்ட சொல்லி அடிக்கச் சொல்றேன்", "ஊசி போட்ருவாங்க" என்ற மூன்றையும் இன்றோடு விட்டுவிடுவோம். எந்த டீச்சரிடம் உதவி கேட்கச் சொல்லிக் கொடுத்தோமோ அவரையே பூச்சாண்டி ஆக்கினால், பிள்ளை அவரிடம் எதைச் சொல்லும்? ஊசி உண்மையிலேயே வரும். முதலாம் ஆண்டில், ஏழு வயதுப் பிள்ளைகளுக்குத் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசியும், தொண்டை அடைப்பான்-டெட்டனஸ் தடுப்பூசியும் போடப்படுகின்றன. பள்ளியிலிருந்து வரும் ஒப்புதல் பாரத்தைப் படித்துக் கையெழுத்திட்டு அனுப்புங்கள். பிள்ளையிடம் "வலிக்கவே வலிக்காது" என்று சொல்லாதீர்கள். "எறும்பு கடிச்ச மாதிரி கொஞ்சம் வலிக்கும், உடனே போயிடும்" என்று உண்மையைச் சொல்லுங்கள். இதில் பொய் சொன்னால் அடுத்து நாம் சொல்லும் நல்ல சொல்லையும் பிள்ளை நம்பாது.

மாலையில் கேட்கும் கேள்வி

"இன்னிக்கு என்ன படிச்ச?" என்று கேட்டால் "ஒன்னுமில்ல" என்றுதான் பதில் வரும். பிள்ளை பொய் சொல்லவில்லை, கேள்வி பெரியது. சின்னதாகக் கேளுங்கள். "யார் பக்கத்துல உக்காந்த?" "ஓய்வு நேரத்துல என்ன சாப்பிட்ட?" "தண்ணி எவ்வளவு மிச்சம் இருக்கு, காட்டு." "கழிப்பறைக்கு எத்தனை தடவை போன?" வந்ததும் கேட்காதீர்கள். குளித்து, சாப்பிட்டு, கொஞ்சம் விளையாடிய பிறகு கேளுங்கள்.

சில பிள்ளைகள் நேராகச் சொல்லவே மாட்டார்கள். என் மகளும் அப்படித்தான். இவ்வாண்டு ஜனவரியில் முதலாம் ஆண்டில் சேர்ந்தாள். என் கதையை மனத்தில் வைத்து, ஐந்து வாக்கியங்களையும் கற்றுக் கொடுத்திருந்தேன். முதல் வாரம் நன்றாகப் போனாள். இரண்டாம் வாரம் தினமும் காலையில் "அம்மா, வயிறு வலிக்குது" என்றாள். கிளினிக்கில் பார்த்தார்கள்; வயிற்றில் கோளாறு எதுவும் இல்லை. "நடிக்கிறா" என்று வீட்டில் ஒருவர் சொன்னார். நானும் பாதி நம்பினேன்.

ஒரு மாலை பொம்மைகளை வரிசையாக உட்கார வைத்துப் பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டிருந்தாள். ஒரு பொம்மையை மட்டும் தனியே தள்ளி வைத்தாள். "ஏன் இந்தப் பாப்பா தனியா இருக்கு?" என்று கேட்டேன். "அது கழிப்பறைக்குப் போகாது. உள்ள போனா தாழ்ப்பா திறக்காது" என்றாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்கக் கற்றுக் கொடுத்தேன். கதவின் தாழ்ப்பாள் பிள்ளையின் கைக்கு இறுகலாக இருக்கும், உள்ளே மாட்டிக்கொண்டால் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை. ஒரு நாள் சற்று நேரம் மாட்டிக்கொண்டிருக்கிறாள். அதற்குப் பிறகு போகவே இல்லை. வயிற்று வலி நடிப்பு இல்லை. "எனக்குப் பயமா இருக்கு" என்பதை அவளுக்குத் தெரிந்த சொல்லில் சொல்லியிருக்கிறாள். மொழிபெயர்ப்பை வேலையாகச் செய்யும் எனக்கே அது புரிய எட்டு நாள் ஆயிற்று.

மறுநாள் வகுப்பாசிரியரைப் பார்த்தேன். சத்தம் போடவில்லை, நடந்ததைச் சொன்னேன். தாழ்ப்பாளைச் சரிசெய்ய ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். அதுவரை தோழி ஒருத்தி கதவுக்கு வெளியே நிற்க, மகள் தாழ்ப்பாள் போடாமல் போய்வரலாம் என்றார். நான் வீட்டில் கதவுத் தாழ்ப்பாளை அவள் கையாலேயே இருபது முறை போட்டுத் திறக்க வைத்தேன். "உள்ள மாட்டிக்கிட்டேன், கதவத் திறங்க" என்று உரக்கக் கத்தவும் பழக்கினேன். அந்த வாரக் கடைசியில் வயிற்று வலி போய்விட்டது.

பிள்ளை சொல்வதை நாமும் பெயர்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். "வயிறு வலிக்குது" என்பது சில நேரம் பயம். "டீச்சர் கெட்டவங்க" என்பது சில நேரம் "எனக்குப் புரியல". "எனக்கு யாரும் ஃப்ரெண்ட் இல்ல" என்பது சில நேரம் இன்று ஒரு நாள் நடந்த சண்டை. உடனே திருத்தாதீர்கள், உடனே பயப்படவும் வேண்டாம். "அப்படியா? அப்புறம் என்னாச்சு?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.

எப்போது கிளினிக்குக்குப் போவது

முதல் சில வாரங்கள் அழுவதும், வீட்டுக்கு வந்ததும் எரிச்சல்படுவதும், சீக்கிரம் களைத்துப்போவதும் இயல்பு. பெரும்பாலான பிள்ளைகள் பழகிவிடுவார்கள். ஆனால் கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தால் அருகிலுள்ள அரசாங்க சுகாதார கிளினிக்கில் காட்டுங்கள்.

ஒரு மாதத்துக்கு மேலாகியும் தினமும் கடுமையாக அழுதால், அல்லது பள்ளிக்குப் போகவே மறுத்தால்.

வீட்டில் நன்றாகப் பேசும் பிள்ளை, முதல் மாதம் கடந்த பிறகும் பள்ளியில் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இருந்தால். இது பிடிவாதம் அல்ல; உதவி தேவைப்படும் ஒரு பதற்ற நிலையாக இருக்கலாம்.

நனைக்கும் பழக்கம் நின்றுபோன பிள்ளை மீண்டும் உடையையோ படுக்கையையோ நனைத்தால், சிறுநீர் கழிக்கும்போது எரிகிறது என்றால், மலச்சிக்கல் தொடர்ந்தால்.

காய்ச்சலோடு சிறுநீர் எரிச்சலும் இருந்தால் அன்றே போங்கள்.

கூப்பிட்டால் திரும்பவில்லை, தொலைக்காட்சிக்கு மிக அருகில் உட்காருகிறது, கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுத முடியவில்லை என்று தெரிந்தால். சரியாகக் காது கேட்காத பிள்ளையையும் கண் தெரியாத பிள்ளையையும் "சொன்ன பேச்சு கேக்காது" என்று நாம் தவறாக நினைத்துவிடுகிறோம்.

போகும்போது பிள்ளையின் சுகாதாரப் பதிவுப் புத்தகத்தை எடுத்துச் செல்லுங்கள். பிள்ளையின் எதிரில் அதன் குறைகளை அடுக்காதீர்கள். "டாக்டர்கிட்ட நீயே சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்று பிள்ளையைக் கேளுங்கள். அங்கேயும் ஒரு பெரியவரிடம் தன் உடம்பைப் பற்றிச் சொல்லப் பழகட்டும்.

பெற்றோருக்கும் களைப்பு உண்டு. இரவு ஷிப்ட் முடித்து வந்து, அழும் பிள்ளையைப் பள்ளியில் விட்டு வருவது எளிதல்ல. மனம் தாங்காத நிலை வந்தால் சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555-ஐ அழைத்துப் பேசுங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று

இன்று வீட்டுக்குப் போனதும் பெரிதாக எதுவும் செய்ய வேண்டாம். பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, "ஸ்கூல்ல உனக்குக் கழிப்பறைக்குப் போகணும்னா டீச்சர்கிட்ட என்ன சொல்லுவ?" என்று கேளுங்கள். சொல்லத் தெரிந்தால் பாராட்டுங்கள். தெரியாவிட்டால் சிரிக்காமல் சொல்லிக் கொடுங்கள். பிறகு கழிப்பறைக் கதவின் தாழ்ப்பாளைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள்.

என் அம்மாவின் கேள்விக்கு நான் இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன். அம்மா இப்போது தினமும் மதியம் பள்ளி வாசலில் பேத்திக்காக நிற்கிறார். அவள் வந்ததும் அவர் முதலில் பார்ப்பது தண்ணீர்ப் போத்தலைத்தான். அது காலியாக இருந்தால் அவர் முகம் மலர்ந்துவிடும்.

உங்கள் பிள்ளைகளும் காலிப் போத்தலோடு, கலகலவென்று பேசிக்கொண்டே வீடு திரும்ப என் வாழ்த்துகள்.